முகப்பில் ஒரு சிவப்புப் பட்டை

சுகாதாரத் துறையின் இணையதளத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதிலுள்ள வாசகம் அங்கே எழுத்து வேலை பார்க்கும் அவளுடையதாகத்தான் இருக்கும். பிறப்புச் சான்றிதழுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும், எந்த மாதத்தில் எந்தத் தடுப்பூசி, மருத்துவமனையில் இறந்துபோனவரின் உடலை வாங்க யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவள் எழுதியவை; இல்லையென்றால் எவரோ கடுகடுவென்று எழுதித் தள்ளியதை அவள் உட்கார்ந்து சீர்செய்தவை. அலுவலகத்தில் அவளுக்கு 'மரியாதை' என்று பட்டப்பெயர். "மரியாதை இன்னைக்கு லீவா?" என்று கணினிப் பிரிவுக்காரர் சத்தமாகக் கேட்டால் புதிதாகச் சேர்ந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவள் சேர்ந்த புதிதில் அந்தத் தளம் முழுக்க ஒரே அதட்டல். 'அரைகுறையாக நிரப்பிய விண்ணப்பங்கள் குப்பைக்குப் போகும்' என்றே ஒரு பக்கத்தில் இருந்தது. பக்கம் பக்கமாக அவள் அதையெல்லாம் மாற்றினாள். அமைச்சரைப் புகழ்ந்து யாராவது நாலு வரி சேர்க்கச் சொன்னால் அதையும் சிரித்துக்கொண்டே தட்டிக்கழித்துவிடுவாள். "இங்க யாரும் பொழுதுபோகாம வர்றதில்ல சார். வீட்ல ஒருத்தர் படுத்த படுக்கையா இருப்பாங்க, இல்லன்னா போயிருப்பாங்க. அவங்க முன்னாடி நாம யாரையும் திட்டவும் கூடாது, யாருக்கும் ஜால்ரா போடவும் கூடாது" என்பாள். இயக்குநர் தலையாட்டுவார். அவர் நல்ல மனிதர். எல்லாருக்கும் தலையாட்டுவார்.

அவளுக்கு இருந்த ஒரே உறவு தங்கை. அம்மா போன பிறகு இவள்தான் அவளைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, படிக்கவைத்து ஆளாக்கினாள். தங்கை அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் செவிலியர். பிறந்து சில நாளே ஆன சிசுவின் கையில், மற்றவர்கள் நாலு முறை குத்தியும் கிடைக்காத நரம்பை அவள் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். மற்ற வார்டுகளிலிருந்துகூட ஆள் அனுப்பி அவளைக் கூப்பிடுவார்கள். அக்காளுக்கு அதில் அத்தனை பெருமை. வீட்டுக்கு வருபவர்களிடம் தன் வேலையைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். தங்கையின் விரலைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

அந்த வருடம் செவிலியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு வார்டு முழுக்க நிறைந்து கிடக்கும் குழந்தைகளுக்கு ஒரே ஒருத்தி, அவளுக்கும் மாற்று ஆள் வருவது நிச்சயமில்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போய்த்தான் வெளியே வந்தார்கள். அப்போதும் அவசரப் பிரிவையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டார்கள். தங்கை பாதி நாள் வாசலில் தட்டி பிடித்து நின்றாள், மீதி நாள் உள்ளே குழந்தைகளோடு இருந்தாள்.

"எதுக்குடி இப்படி ரெண்டு பக்கமும் சாகுற?" என்று அக்காள் கேட்டாள்.

"வெளிய நிக்கறதும் அந்தப் பிள்ளைங்களுக்காகத்தானே அக்கா" என்று சொல்லிவிட்டுத் தங்கை சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே தூங்கிப்போனாள்.

அமைச்சரின் ஊடக ஆலோசகர் அலுவலகத்துக்கு வந்தது அந்த வாரம்தான். பதவிசாகப் பேசுகிறவர். யாரையும் ஒருமையில் அழைத்தது கிடையாது. ஒரு தாளை அவள் மேசையில் வைத்து, "தளத்தோட எல்லாப் பக்கத்துலயும் மேல ஒரு சிவப்புப் பட்டை வரணும் மேடம். அதுல இந்த வாசகம்" என்றார்.

'நோயாளிகளை நடுத்தெருவில் விட்டுவிட்டுக் கொடிபிடிக்கும் செவிலியர்களால் உங்கள் சிகிச்சை தடைபட்டுள்ளது. உங்கள் குழந்தையின் உயிரைவிட அவர்களுக்குத் தங்கள் சௌகரியமே பெரிது.'

அவள் தாளை அவர் பக்கமே நகர்த்தினாள். "இது அரசாங்கத்தோட பக்கம் சார். கட்சி மேடை இல்ல. சிகிச்சை தள்ளிப்போகுதுன்னா எது தள்ளிப்போகுது, புதுத் தேதி என்ன, எங்க விசாரிக்கணும்னு சொல்வோம். அதுதான் வர்றவங்களுக்கு வேணும்."

"மக்களுக்கு உண்மை தெரியணுமில்லையா?"

"இது உண்மையும் இல்ல. அவசரப் பிரிவுல அவங்க வேலை செஞ்சுட்டுத்தான் இருக்காங்க."

"உங்க தங்கச்சி அங்க இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார் ஆலோசகர், மிகுந்த அக்கறையோடு. "அதனால உங்களுக்குச் சங்கடமா இருக்கும். வேணும்னா வேற யாரையாவது செய்யச் சொல்றேன். ஆனா அவங்க உங்க மாதிரி பாத்துப் பாத்துச் செய்வாங்களான்னு தெரியல."

அவள் இயக்குநரின் அறைக்கு ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா. ஆனா மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. வார்த்தையை மட்டும் கொஞ்சம் மென்மையாக்க முடியுமான்னு பாருங்க. உங்களுக்கா தெரியாது?" கணினிப் பிரிவுக்காரரோ, "ஓய்வூதியம் கைக்கு வர்ற வரைக்கும் எனக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல மரியாதை" என்று கும்பிடே போட்டுவிட்டார்.

மதியம் முழுக்க அவள் ஆலோசகரோடு மல்லுக்கு நின்றாள். இரண்டாவது வாக்கியம் போயே ஆகவேண்டும் என்றாள். அவர் முரண்டுபிடித்தார், பிறகு விட்டுக்கொடுத்தார். 'நடுத்தெருவில் விட்டுவிட்டு' வேண்டாம் என்றாள். அதற்குப் பதிலாக 'கைவிட்டு' என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லும் வேண்டாம் என்று எவ்வளவோ கெஞ்சியும் அதற்குமேல் அவர் இறங்கவில்லை. கடைசியில் 'நோயாளிகளைக் கைவிட்டு வேலைநிறுத்தம் செய்யும் செவிலியர்களால் உங்கள் சிகிச்சை தடைபட்டுள்ளது' என்ற ஒற்றை வரி பட்டையில் ஏறியது. அவள் கையால்தான் ஏறியது. தடுப்பூசிப் பக்கத்தின் மேலே, பிரேத அறைப் பக்கத்தின் மேலே, எல்லாவற்றின் மேலேயும் ரத்தச் சிவப்பில் அது உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு நடக்கும்போது, இவ்வளவாவது குறைத்தோமே என்று அவளுக்குள் ஒரு சின்ன நிம்மதிகூட இருந்தது.

தங்கை கைப்பேசியை நீட்டியபடி வாசலிலேயே நின்றாள். "இது நீ எழுதினதா?"

"நான் எழுதலடி. முதல்ல இருந்ததை நீ பாத்திருக்கணும். நான்தான் சண்டைபோட்டுக் குறைச்சேன்."

"குறைச்சு இதுவா?"

"நான் போடலன்னா வேற ஒருத்தர் முழுசாப் போட்டிருப்பாங்க."

"அப்ப அந்த வேற ஒருத்தரே போட்டிருக்கலாமே அக்கா" என்றாள் தங்கை. முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அடுத்த இரண்டொரு நாளில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அறுவை சிகிச்சை தள்ளிப்போன ஒரு பையனின் அப்பா, மருத்துவமனைப் படியருகில் நின்று புதுத் தேதி பார்க்கத் தளத்தைத் திறந்திருக்கிறார். முதலில் கண்ணில் பட்டது சிவப்புப் பட்டை. அந்த நேரம் பார்த்து அவசரப் பிரிவில் வேலை முடிந்து சீருடையோடு தங்கை படியிறங்கி வந்திருக்கிறாள். அவர் வழிமறித்துக் கத்தியிருக்கிறார். "நான் உள்ள வேலை பாத்துட்டுத்தாங்க வர்றேன்" என்று தங்கை சொல்ல, "பொய் சொல்லாத, இதோ பாரு" என்று கைப்பேசியை முகத்தில் நீட்டி, மறுகையால் ஒரு தள்ளு தள்ளியிருக்கிறார். கல்படி. வலது கையை ஊன்றி விழுந்தவளின் மணிக்கட்டு நொறுங்கிப்போனது.

எலும்பைத் துளைத்துக் கம்பி வைத்துக் கட்டினார்கள். மயக்கம் தெளியும்வரை அக்காள் பக்கத்தில் இருந்தாள். பிறகு அந்த ஆளை நேரில் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று, அவரைப் பிடித்துவைத்திருந்த காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும், "நான் அந்த நர்ஸோட அக்கா" என்று மட்டும் சொன்னாள். பெயிண்ட் அடிக்கிற வேலை, நகக்கண்ணெல்லாம் வெள்ளை.

"நான் பேப்பர்ல வர்றதை நம்ப மாட்டேன்மா" என்றார் அவர். "மைக் பிடிச்சுப் பேசுறவனையும் நம்ப மாட்டேன். இது கவர்மெண்ட் பக்கம். என் பையன் பொறந்ததுலேருந்து அவனுக்கு ஊசித் தேதி பாக்குறதே இதுலதான். ஒரு தடவைகூட தப்பா இருந்ததில்ல. எவ்வளவு தன்மையா எழுதியிருப்பாங்க தெரியுமா? அவங்களே இப்படிச் சொல்றாங்கன்னா உண்மையாத்தான் இருக்கும்னு நெனச்சேன். வேற எப்படி நெனைப்பேன், சொல்லுங்க?"

அந்தத் தன்மையை ஒவ்வொரு வரியாகக் கோத்துச் சேர்த்தவள் அவள்தான். அத்தனை வருடம் சேர்த்த நம்பிக்கையின் தோளில் ஏறித்தான் அந்த ஒற்றை வரி இந்த மனிதனின் கைவரைக்கும் வந்திருக்கிறது. வேறு எங்கே எழுதியிருந்தாலும் இவர் துப்பிவிட்டுப் போயிருப்பார்.

நேராக அலுவலகம் போய், யாரையும் கேட்காமல் பட்டையை எடுத்துப்போட்டாள். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அது திரும்ப வந்துவிட்டது. அவளுடைய கடவுச்சொல் முடக்கப்பட்டிருந்தது. மறுநாள் பட்டையின் கீழேயே அமைச்சரின் படத்தோடு இன்னொரு வரி சேர்ந்தது: 'செவிலியர் ஒருவர் காயமுற்றது வருந்தத்தக்கது.' கைவிட்டவர்கள் மேலே, வருத்தம் கீழே. "உங்களை வேலையை விட்டே தூக்கச் சொன்னாங்கம்மா. நான்தான் கைகாலைப் பிடிச்சு நிறுத்திவெச்சிருக்கேன்" என்றார் இயக்குநர். அவர் அதை நன்றியை எதிர்பார்த்துத்தான் சொன்னார். அவளும் நன்றி சொன்னாள்.

வேலைநிறுத்தம் ஒருநாள் முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. வார்டுக்கு ஒருத்திதான் இப்போதும். பட்டையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். தப்பாகப் போட்டுவிட்டோம் என்று ஒரு வரி போடலாமே என்று அவள் எழுதிக் கொடுத்ததற்கு, "ஆறின புண்ணைக் கிளறுவானேன்?" என்று பதில் வந்தது.

புண் ஆறவில்லை. தங்கையின் மணிக்கட்டு ஒட்டியது, ஆனால் மடங்கவில்லை. விரல் நுனியில் மரத்துப்போன உணர்வு திரும்பவே இல்லை. குழந்தைகள் வார்டில் ஒருமுறை முயன்று பார்த்தாள். ஊசி நழுவியது, குழந்தை வீறிட்டது, அதன் தாய் கையைத் தட்டிவிட்டாள். அதன்பிறகு அவளை விசாரணை ஜன்னலுக்கு மாற்றினார்கள். எக்ஸ்ரே எங்கே, மருந்தகம் எங்கே என்று கேட்பவர்களுக்கு இடது கையால் வழி காட்டுகிற வேலை.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. காலையில் கிளம்பும்போது "வரேன்" என்பாள், திரும்பி வந்ததும் "சாப்பிட்டாச்சா" என்பாள். ஒருநாள் அக்காள் அவளுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, "நான் வேலையை விட்டுடட்டுமாடி?" என்று கேட்டாள்.

"விட்டா என் கை வந்துடுமா?" என்றாள் தங்கை. கோபமே இல்லை. ஜன்னலில் யாரோ மருந்தகத்துக்கு வழி கேட்டதற்குச் சொல்கிற குரல் அது.

அவள் விடவில்லை. கடவுச்சொல்லைத் திருப்பிக் கொடுத்தார்கள். மழைக்காலம் வந்ததும் ஆலோசகர் இன்னொரு தாள் அனுப்பினார். இந்த முறை துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி. சிவப்புப் பட்டை இப்போது தளத்தின் நிரந்தர அமைப்பாகிவிட்டிருந்தது. வாசகத்தை மட்டும் மாற்றினால் போதும். 'பிழை மட்டும் பாருங்கள்' என்று தாளின் ஓரத்தில் எழுதியிருந்தது. முடியாது என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் அந்த வரி, எழுத்துப்பிழையோடு, தளத்தில் ஏறியிருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்த தொலைபேசி அடித்தது. ஒரு இளம் தாய், கைக்குழந்தை பின்னால் அழுதுகொண்டிருந்தது.

"உங்க பக்கத்துல ஊசித் தேதி போட்டிருக்கீங்களே, அது நிஜம்தானா?"

"நிஜம்தாம்மா. நானே சரிபார்த்துப் போட்டது. என்ன சந்தேகம்?"

"இல்ல... மேல யாரையோ திட்டி எழுதியிருக்கு. இது உண்மையான கவர்மெண்ட் பக்கம்தானான்னு சந்தேகமாயிடுச்சு."

"உண்மையான பக்கம்தாம்மா. தேதியை நம்புங்க. தள்ளிப்போட்டுடாதீங்க."

மறுமுனையில் அந்தப் பெண் குழந்தையைத் தட்டிச் சமாதானப்படுத்தினாள்.

"சரி, எதுக்கும் நான் வேற எங்கயாவது விசாரிச்சுக்கறேன்" என்று சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள்.