நோய் பார்க்க வந்தவர்

அல்டோனா அப்பாவுக்கு பீட்ரூட் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது பால்ட்ரூஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாப்பிடுறானான்னு கேளு."

"உப்பே இல்லன்னு சொல்லு," என்றார் படுக்கையில் கிடந்த சிமோனாஸ்.

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல? என்னை ஏன் தபால்காரி ஆக்குறீங்க?"

கோயிலையும் பாதிரியாரையும் ஒதுக்கிவைத்த லிதுவேனியத் தொழிலாளர் சங்கத்தில் ஒருவர் நோயில் விழுந்தால், வாரந்தோறும் இன்னொருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இந்தத் தெரு பால்ட்ரூஸுடையது. இருவரும் பென்சில்வேனியாவில் ஒரே சுரங்கத்தில் கரி வெட்டி, வேலைநிறுத்தத்தில் ஒன்றாக அடி வாங்கியவர்கள். பேச்சு நின்று ஐந்து வருஷம். அம்மாவின் சாவுக்கு, அவள் கேட்டபடியே அப்பா பாதிரியாரைக் கூப்பிட்டார். சங்கக் கூட்டத்தில் பால்ட்ரூஸ் எழுந்து, "முதுகெலும்பில்லாத பய" என்றார். அத்தோடு சரி.

சிமோனாஸ் கரி அடைத்த நெஞ்சிலிருந்து மூச்சை இழுத்தார்.

"அவன்கிட்ட சொல்லு. பாதிரியார் வந்துட்டுப் போனாரு. நான் சங்கத்து இடுகாட்டுக்கு வரல. உங்கம்மா பக்கத்துல படுத்துக்கிறேன். அவன் வந்து ஒரு பிடி மண்ணு போடணும்."

பால்ட்ரூஸ் தொப்பியை எடுத்தார்.

"கோயில் கேட்டை மிதிக்கமாட்டேன்னு அவனுக்குத் தெரியும்," என்று அல்டோனாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சிமோனாஸ் செத்தார்.

கோயில் இடுகாடு குன்றின் மேல். ஊரெல்லாம் கரிமண், அங்கே மட்டும் மஞ்சள் களிமண். சங்கத்தார் வாசலோடு நின்று, சாலையிலிருந்தே பாடினார்கள். பாட்டு கால் ஊன்றாமல் தள்ளாடியது. அடிக்குரல் பாடுகிறவர்கள் இருவர். ஒருவர் பெட்டிக்குள். மற்றவர் பால்ட்ரூஸ், அவரைக் காணோம். குழி மூடும்வரை அல்டோனா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்தது. பால்ட்ரூஸ் தொப்பியை மாட்டினார். காலிக் கட்டிலைப் பார்க்காமல் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

"இப்ப யாரைப் பாக்க வந்தீங்க மாமா?"

"நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

"சூப் வை. உப்பு நான் போடுறேன். உங்கப்பன் சொன்னது நெசந்தான்."

உப்புக்கு நீண்ட கையைப் பார்த்தாள். முப்பது வருஷக் கரி குடியேறிய நகக்கண்களில் மஞ்சள் மண். கதவிலிருந்து நாற்காலிவரை தரையிலும் மஞ்சள் தடங்கள்.

துடைக்கும் துணி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அல்டோனா தடங்களை மிதிக்காமல் சுற்றிப் போய் இரண்டு கிண்ணங்களை எடுத்தாள்.