ஆறு பேர் சஹன்

பளீலாவின் புது வீட்டுக்குள் காலை வைத்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. அதை ஏன் ஒளிப்பது? தரை முழுக்கப் பளிங்கு. மாடிப்படிக்குப் பித்தளைக் கம்பி. அவளும் நானும் பன்னிரண்டு வயதில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரே வள்ளத்தில் வந்து இறங்கியவர்கள். கரைத்தீவு அகதி முகாமில் அடுத்தடுத்த ஓலைக் கொட்டில். தண்ணீர் பவுசர் வண்டி வந்தால் ஒரே வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வருவோம். பிறகு இருவரும் கலியாணம் முடித்தோம். அவள் மாப்பிள்ளை முந்தலில் இறால் பண்ணை போட்டார், பணம் கொட்டியது. என் மாப்பிள்ளை கற்பிட்டியில் கருவாடு காயவைக்கும் வாடி போட்டார், ஈ மொய்த்தது.

இன்று அவள் மகளுக்குக் கலியாணம். ஒரு மாதமாக எனக்கு ஒரே நினைப்புத்தான். பளீலா என்னைத் தன் பக்கத்தில், வீட்டுக்குள், ஒரு நல்ல சஹனில் இருத்த வேண்டும்.

எங்கள் கலியாணங்களில் ஆறு பேர் பாயில் வட்டமாக இருந்து, சஹன் என்ற ஒரே பெரிய தட்டிலிருந்து கையால் அள்ளிச் சாப்பிடுவோம். பணக்காரரும் ஏழையும் ஒரே தட்டில் என்று பள்ளிவாசல் பயானில் பெருமையாகச் சொல்லுவார்கள். வட்டம் கூடும்போது பார்க்க வேண்டும். தென்னந்தோட்டக்காரர் வீட்டுப் பெண்களும் உப்பளக்காரர் வீட்டுப் பெண்களும் உள்ளே ஒரு வட்டம். மிச்சப் பேர் வெளியே பந்தலில். யார் யாரோடு இருந்தார்கள் என்பது மறுநாள் ஊருக்கே தெரிந்துவிடும்.

கருவாட்டு வாடை போகக் கைக்கு மூன்று தரம் தேசிக்காய் தேய்த்து, புது அபாயா போட்டுக்கொண்டு போயிருந்தேன். பளீலா ஒற்றைக் கையால் என்னை அணைத்தாள்.

"ஆதிலா, நீ எங்கட ஆள்தானே. பந்தல் பக்கம் ஒரு பார்வ பாத்துக்க."

எங்கட ஆளாம்! எங்கட ஆளை வெளியே நிறுத்துகிற மரியாதையை எங்கே படித்தாளோ.

உள்ளே எட்டிப் பார்த்தேன். நடுக்கூடத்துச் சஹனைச் சுற்றி ஐந்து சீமாட்டிகள். ஆறாவது ஆளுக்காக மூடியைத் திறக்காமல் காத்திருந்தார்கள். நான் விறுவிறென்று போய் ஸலாம் சொல்லி இருந்துவிட்டேன்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றச் செம்போடு வந்தவள் றிப்னா. எங்கள் வாடியில் மீன் வெட்டுகிறவள், இன்று இங்கே கூலிக்கு வந்திருக்கிறாள். "ராத்தா, நீங்களும் இங்கயா!" என்று முகமெல்லாம் சிரித்தாள். நான் தெரியாதவள் போலக் கையை மட்டும் நீட்டினேன்.

மூடி திறந்தது. நெய்ச்சோறு மணத்தது.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று ஹஜ்ஜுக்குப் போய்வந்த ஒரு ஹாஜியானி கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அடுத்தவர் முந்திக்கொண்டார். "பளீலாட பழைய ஆக்கள் போல. முகாம்ல இருந்தவங்க."

ஹாஜியானி கையை இழுத்துக்கொண்டார். "எனக்குக் கேஸ்ட்ரிக். பிளேட்டுல கொஞ்சம் போட்டுத் தாங்க." அவர் எழும்பிப் போனார். இன்னொருவருக்கு முழங்கால் வலி, கீழே இருக்க ஏலாதாம். ஒருவரைப் பேரப்பிள்ளை தேடுகிறதாம். கொஞ்ச நேரத்தில் ஐந்து பேரும் சுவரோரக் கதிரைகளில் பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஆறு பேருக்கு வைத்த சஹனுக்கு முன்னால் நான் மட்டும். கூடமே என்னைப் பார்த்தது.

பளீலா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். வாடி பளீலா, வந்து இரி என்று மனதுக்குள் கெஞ்சினேன். அந்த வாளியில் ஒரு பக்கம் பிடித்தவள்தானே, இப்போதும் ஒரு பக்கம் பிடித்தால் போதும்.

அவள் வந்தாள். நான் அபாயாவை ஒதுக்கி இடம் விட்டேன்.

"றிப்னா, வா இங்க. ராத்தாவோட இரி. சாப்பாடு வீணாப் போகுது" என்று கூப்பிட்டுவிட்டு அவள் கதிரைப் பக்கம் போய்விட்டாள்.

றிப்னா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, பிஸ்மி சொல்லி என் தோளோடு ஒட்டி இருந்தாள். "விடியத்துல இருந்து ஒண்டும் தின்னல்ல ராத்தா" என்று சந்தோஷமாகச் சோற்றில் கையை வைத்தாள். மீன் வாடை குப்பென்று வந்தது. என் வாடி மீனின் வாடைதான். கதிரைகளிலிருந்து அந்த ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் வெட்டுகிறவளோடு ஒரே தட்டில் தின்றால், என்னைப் பற்றி அவர்கள் நினைத்தது சரி என்று ஆகிவிடும்.

நான் எழும்பினேன்.

"எனக்குக் கேஸ்ட்ரிக், றிப்னா. நீ சாப்பிடு."

சோற்றுக்குள் அவள் கை நின்றது. காலியான ஐந்து இடங்களையும் பார்த்தாள், பிறகு என் இடத்தைப் பார்த்தாள்.

"ஓம் ராத்தா" என்றாள் மெதுவாக. "அந்த ராத்தாமாருக்கும் அதுதானே."

பிறகு தலையைக் குனிந்து, ஒரு பெரிய கோழித் துண்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துச் சாப்பிடத் தொடங்கினாள். பசியோடு நின்ற எனக்கு, அப்போது அவள் மேலேயே பொறாமையாக இருந்தது.