குளிர் அறைக்குள் மேலாளர்

பட்டாசுக்கு வயது பதினைந்து. வாயைத் திறந்தால் வெடிக்காமல் மூடத் தெரியாது என்பதால் அந்தப் பெயர். அவளுடைய சித்தி மகள் பூனைக்கு ஒரு வயது குறைவு. அவள் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். பள்ளி விட்டதும் இருவரும் சூப்பர் மார்க்கெட்டில் பேனா வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மேலாளர் வழிமறித்தார்.

"பையைக் கொட்டுங்க."

கொட்டினார்கள். புத்தகங்கள், காலி டிபன் டப்பா, ஒற்றைக் காலுறை.

"சாக்லேட் எங்க?"

"எந்த சாக்லேட் சார்?"

"தினமும் காணாமப் போகுதே, அது. ஸ்கூல் பசங்க வேலைதான்னு எனக்குத் தெரியும்."

"பையில இல்லையே சார்."

"இல்லைன்னா தின்னுட்டீங்கன்னு அர்த்தம்."

பட்டாசு வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினாள்.

இருவரையும் பின்பக்கக் கிடங்குக்கு இழுத்துப் போய், கதவை உள்பக்கமாகப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "உக்காருங்க. போலீஸக் கூப்பிடுறேன்." பூனை அழத் தொடங்கினாள். மேலாளரோ போனை எடுக்கவில்லை. "ஸ்டாக் பாத்துட்டு வரேன்" என்று மூலையிலிருந்த குளிர் அறைக்குள் நுழைந்தார். அவசரத்தில் முட்டுக்கட்டை வைக்க மறந்ததால் கனத்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தடதடவென்று சத்தம்.

"கதவத் திறங்க! உள்பக்கம் பிடி உடைஞ்சிருக்கு!"

எழுந்த பூனையைப் பட்டாசு பிடித்து நிறுத்தினாள். "இருடி. சார், நாங்க திருடலைன்னு சொல்லுங்க."

"முதல்ல திற!"

"முதல்ல சொல்லுங்க!"

"போலீஸ் வரட்டும், உங்களுக்கு இருக்கு!"

"சரி சார். போலீஸே வந்து திறக்கட்டும்."

சத்தம் நின்றது. பிறகு, "பாப்பா... குளிருதும்மா" என்று ஒரு குரல். அதில் மேலாளரின் மிரட்டல் துளியும் இல்லை. பட்டாசு ஓடிப்போய்க் கதவின் பிடியை முழுபலத்தோடு இழுத்தாள். பிடி கையோடு வந்துவிட்டது.

"அக்கா, இப்ப நிஜமாவே கேஸ்தான்" என்றாள் பூனை.

கிடங்குக் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். கடையில் ஒலித்த பாட்டு அதை விழுங்கிவிட்டது. சுவரில் அறிவிப்பு மைக் இருந்தது. பட்டாசு பாய்ந்து அதை எடுத்தாள். ஆனால் பயத்தில் வாயைத் திறந்தும் காற்றுதான் வந்தது. பூனை மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் கேளுங்க! மேனேஜர் ஃப்ரீசருக்குள்ள மாட்டிக்கிட்டாரு! சாவி அவர் பாக்கெட்டுல! கதவ உடைங்க!"

கடையே அதிர்ந்தது. "ஃப்ரீசருக்கு எவ்வளவு தள்ளுபடியாம்?" என்று ஒரு பெரியவர் கேட்டாராம். நல்லவேளை, பில் போடும் அக்காவுக்குச் சரியாகக் கேட்டது. அவளும் காவலாளியும் சரக்கு வண்டியால் கிடங்குக் கதவை மோதித் திறந்தார்கள். பிறகு கடப்பாரை போட்டுக் குளிர் அறைக் கதவை நெம்பினார்கள்.

வெண்ணெய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மேலாளர். மீசையில் பனி. மீசைக்குக் கீழே சாக்லேட்.

"உடம்புச் சூட்டுக்கு... ரெண்டே ரெண்டு..." பற்கள் தந்தியடித்தன.

பில் அக்கா குனிந்து, பெட்டிகளின் பின்னாலிருந்து உறைந்து விறைத்த சாக்லேட் உறைகளைக் கைநிறைய அள்ளினாள். "இதெல்லாம் போன மாசத்துச் சூட்டுக்கா சார்?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மேலாளர் தரையைப் பார்த்து முணுமுணுத்தார். "நீங்க எடுக்கலம்மா. மன்னிச்சிடுங்க."

"கேக்கல சார்" என்றாள் பூனை. "சத்தமா."

அவர் சத்தமாகச் சொன்னார். மறுவாரம் வேலையும் போயிற்று. ஊழியர்கள் எத்தனையோ முறை முறையிட்டும் மாற்றாத உள்பிடியை முதலாளி உடனே மாற்றினார்.

அவர் மன்னிப்புக் கேட்ட அன்று வீடு திரும்பும் வழியில் பூனை கேட்டாள்: "ஏங்க்கா, அவர் குரல் அப்படி மாறலன்னா திறந்திருப்பியா?"

பட்டாசு நடையைக் குறைத்தாள்.

"அவர் உள்ள கத்துறப்ப எனக்கு ஜாலியாத்தான் இருந்துச்சுடி. இப்ப நினைச்சா பயமா இருக்கு."

பூனை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.