சோபாவுக்கு மேலே யார்?

மான்மேல் அம்பு விட்ட கையோடு ஆர்லிஸ் மரத்தின்மேல் கட்டிய இருக்கையிலிருந்தே கணவனுக்குப் போன் போட்டாள்.

"வெர்லின்! அடிச்சிட்டேன்! அவனை அடிச்சிட்டேன்!"

"எவனை? அந்தப் பெரிய கொம்பனையா?"

"அவனேதான்! ஒரே பாய்ச்சல்ல மேப்பிள் தோப்புக்குள்ள ஓடிட்டான். சீக்கிரம் வா. வரும்போது டாய்லெட் பேப்பர் எடுத்துட்டு வா!"

"வரேன்..." என்று இழுத்தான் வெர்லின். ஏன் என்று அவளுக்கா தெரியாது? வீட்டுக் கூடத்தில் சோபாவுக்கு மேலே, அவன் ஏரியில் பிடித்துப் பாடம் செய்து மாட்டிய மஸ்கி என்ற ராட்சத மீன் வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறது. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சனியன் அவளை முறைத்துக்கொண்டிருக்கிறது. "இதைவிடப் பெருசா நீ ஒண்ணு கொண்டு வா, அன்னிக்கே கழட்டிடறேன்" என்று ஒருநாள் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டான் மனுஷன். ஆனால் கொம்பு கைக்கு வந்தாக வேண்டும். ஓடிப்போன மானைச் சுவரில் மாட்ட முடியுமா?

வெர்லின் வந்து சேர்ந்தான். வந்ததும் தேடினானா? அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்து சாசேஜ் ரொட்டியைப் பிரித்தான்.

"உடனே துரத்தினா எழுந்து ஊர் தாண்டி ஓடிடும். படுக்க விடு."

"எனக்கும் தெரியும். அதுக்காக இப்படியா மெல்லுவே? முழுங்குய்யா!"

ஒருவழியாகக் கிளம்பினார்கள். மானைத் துளைத்து வெளியே வந்து மண்ணில் குத்தி நின்ற அம்பைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான் வெர்லின். ரத்தத்தில் சின்னச் சின்ன நுரை.

"நுரையீரல்லயே வச்சிருக்கடி! ரொம்ப தூரம் போயிருக்காது."

அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. சருகில் ஒரு சொட்டு ரத்தம் கண்டால் அடையாளத்துக்கு ஒரு துண்டு பேப்பர், இன்னொரு சொட்டுக்கு இன்னொரு துண்டு என்று போட்டுக்கொண்டே போனார்கள். ஆனால் தோப்பு முடியும் இடத்தில் ரத்தம் பட்டென்று நின்றுவிட்டது. நவம்பர் மேப்பிள் சருகு எல்லாமே சிவப்பு! குனிந்து குனிந்து எதைத் தொட்டாலும் இலைதான். ஆர்லிஸ் சருகை இரண்டு கையாலும் அள்ளிப் புரட்டினாள். எங்கேயோ கிடந்து துடிக்கிறதோ என்ற பயம் வேறு. ஆத்திரம் கணவன்மேல் பாய்ந்தது.

"உண்மையைச் சொல்லு. அந்த மீனுக்காகத்தானே என்னை இப்படிச் சுத்த விடறே?"

முட்டி போட்டு மோப்பம் பிடிக்காத குறையாகத் தேடிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். தாடியெல்லாம் சேறு.

"அம்பு பட்டதைக் காட்டுல விட்டுட்டுப் போற ஆளாடி நான்? வாயை மூடிக்கிட்டுப் பின்னாடி பாரு."

திரும்பிப் பார்த்தாள். வெள்ளைப் பேப்பர்கள் வந்த வழியெல்லாம் தெரிந்தன. நேராக வந்த வரிசை கடைசியில் மெல்ல இடப்பக்கம் வளைந்திருந்தது.

"அந்தப் பக்கம் ஓடை! அடிபட்டவன் தண்ணிக்கு இறங்கியிருக்கான்!" என்று பேப்பர் உருளையை அவள் கையில் திணித்துவிட்டு வெர்லின் சரிவில் சறுக்கிக்கொண்டே போனான். புதருக்குள் ஆள் மறைந்தான். அப்புறம் காடே அதிர ஒரு கூச்சல்.

"ஆர்லிஸ்! ஓடி வாடி! கொம்பா இது? மரம்டி, மரம்!"

விழுந்தடித்து ஓடினாள். கலைமான் ஓடைக்கரையில் தூங்குவதுபோலக் கிடந்தது. வெர்லின் முழங்கால் தண்ணீரில் குதித்துக் குதித்து ஆடிக்கொண்டிருந்தான். மானின் கழுத்தைத் தடவி, மனசுக்குள் அதற்கு நன்றி சொன்னாள் ஆர்லிஸ். அவ்வளவுதான், அவளும் தண்ணீரில் இறங்கிவிட்டாள். கட்டிப்பிடித்த வேகத்தில் இரண்டு பேரும் தொப்பென்று விழுந்தார்கள். பல் கிடுகிடுக்க, சிரிப்பு நிற்கவே இல்லை.

திடீரென்று வெர்லின் முகம் தொங்கியது.

"ஐயோ... என் மீனு."

"இப்பத்தான் ஞாபகம் வருதா? பேசாம திரும்பி வந்து இங்க ஒண்ணுமில்லன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே, லூசு!"

அவன் நனைந்த தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தான்.

"தோணவே இல்லடி."

ஆர்லிஸ் அவன் மூக்கிலிருந்த சேற்றைக் கட்டை விரலால் துடைத்துவிட்டாள்.

"மீனைப் படுக்கையறையில மாட்டிக்கோ," என்றாள். "ஆனா மூஞ்சி உன் பக்கம்தான் இருக்கணும்."