கடல் ஆடாமல் நின்ற குளிர்காலம்

இலையுதிர்காலத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, எங்கள் ஊர்க் கடல் நின்றது. போட்டோ ஸ்டுடியோக்காரர் அதைப் பார்த்து "ஆடாம நில்லுங்க" என்று சொன்னார், அது நின்றுவிட்டது. அன்று காலை மீன் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, வெங்காயம் ஏறியிருந்தது. மற்றபடி குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்டுடியோக்காரர் கடற்கரைத் தெருவில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துப் பிழைப்பவர். முக்காலியில் ஆளை உட்காரவைத்து, தோளை இறக்குங்க, தாடையைத் தூக்குங்க என்று பாடாய்ப் படுத்துவார். அவர் வாயிலிருந்து "ஆச்சு" என்ற சொல் வரும்வரை யாரும் இமைகூடக் கொட்டக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. குளிர் தொடங்கிவிட்டால் கடைக்கு ஆள் வராது. அப்போது காமிராவைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போவார், அதுவும் வானம் இருண்டு கிடக்கிற நாளாகப் பார்த்து. வெயிலில் கடல் கல்யாண வீட்டுக்கு வந்த முகத்தோடு நிற்கிறது, மூட்டத்தில்தான் வீட்டில் இருக்கிற முகம் தெரிகிறது என்பது அவருடைய கட்சி. சிக்கல் என்னவென்றால், மூட்டத்தில் வெளிச்சம் போதாது. காமிராவை நெடுநேரம் திறந்து வைக்கவேண்டும். அதற்குள் அலைகள் ஆடிவிடும், படத்தில் வெள்ளையாகக் குழம்பிப் போகும். வருஷக்கணக்காக அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததெல்லாம் பால் கொட்டிய தரை மாதிரியான படங்கள்தான். படகு ஓட்டுகிற மச்சினன் வாசலிலேயே மறித்து, "என்ன மாமா, இன்னிக்கும் பால் பொங்கிடுச்சா?" என்று கேட்பான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்குப் பொறுமை போய்விட்டது. வாடிக்கையாளரிடம் சொல்வதைப் போலவே, மரியாதை குறையாமல், கடலிடம் சொன்னார். யாருக்கும் அடங்காத கடல் ஏன் இவருக்கு அடங்கியது என்று பிறகு பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதுவரை யாரும் அதை 'ங்க' போட்டுக் கூப்பிடவில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். அவர் பித்தானை அழுத்தினார். "ஆச்சு" என்று சொல்ல வாயைத் திறந்தபோது, சாப்பாட்டுத் தூக்கோடு பின்னால் வந்துகொண்டிருந்த மனைவி அலறினாள்.

இருந்ததிலேயே பெரிய அலை, அலைதடுப்புக் கற்களுக்கு நேர் மேலே, மூன்று மாடி உயரத்துக்கு எழும்பி நின்றிருந்தது. அதன் உச்சியில் மச்சினனின் படகு. படகில் மச்சினன், கரையைப் பார்த்து எதையோ கத்தத் தொடங்கிய வாய் திறந்தபடி, அசையாமல். படத்துக்குள் வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கட்டளை பொருந்திவிட்டது. பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் கேட்காதவன் அன்றைக்குப் பார்த்துக் கேட்டிருக்கிறான். இன்னும் ஒரு சொல் சொன்னால் அலை இறங்கும், படகு கல்லில் மோதிச் சுக்குநூறாகும். ஸ்டுடியோக்காரர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். படமும் கெட்டுப்போயிருந்தது. கடல் கல்லாக நின்றிருக்க, அலறலில் ஆடியது அவர் கைதான்.

தம்பி பிறந்த வருஷமே தாய் போய்விட, அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ஸ்டுடியோக்காரரின் மனைவி. அன்றிலிருந்து தினமும் ஊர்ப் பெயிண்டரிடம் ஏணியை வாங்கி அலையில் சாய்த்து ஏறினாள். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது, நகரமாட்டேன் என்றது, அவ்வளவுதான். அவனைத் தூக்கிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். சட்டைப் பித்தானைக்கூட அசைக்க முடியவில்லை. தோளில் கம்பளியைப் போர்த்திவிட்டு, அவன் முகத்தில் நின்றுபோன துளிகளைத் துடைக்க முயன்று, முடியாமல் அழுதுவிட்டு இறங்குவாள். வீட்டில் ஸ்டுடியோக்காரருக்குத் தூக்கத்தில் பேசுகிற வழக்கம் இருந்ததால் படுக்கும்போது வாயைத் துண்டால் கட்டிவிட்டாள். சாப்பிட்டாச்சா என்று தெருவில் யாராவது கேட்டால் அவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஊருக்குப் பொழுது போகாமல் இல்லை. குடும்பம் குடும்பமாக வந்து கடலுக்குள் நின்ற மீன்களை நகைக்கடைக் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் வீசின வலையைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளவில்லை, வலை விரித்த பாயைப்போல மேலேயே கிடந்தது. குளிர்காலம் பாதி தாண்டுவதற்குள் பல வீடுகளில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. மீனவர் சங்கத் தலைவர் ஆட்களோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். நல்ல மனுஷர், ஆனால் அவர் வீட்டிலும் பசி. தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒருத்தனுக்காக ஊரே பட்டினி கிடக்கணுமா?" என்றார். மனைவி அரிவாள்மணையை விட்டு எழாமலே, "அங்க தொங்குறது உங்க தம்பின்னா என்ன சொல்வீங்க, அதைச் சொல்லுங்க" என்றாள். தலைவர் திரும்பிப் போனார். ஆனால் மறுபடியும் வருவார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அலைதடுப்புக் கற்களை அப்புறப்படுத்த அனுமதி கேட்டுத் துறைமுக அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார். கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து அகற்றலாம் என்று மேலிடம் அனுமதித்தது.

தலைவர் இரண்டாம் முறை வந்தபோது கெஞ்சவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் சொல்லவைப்போம் என்றார்.

வியாழக்கிழமை, வேலை தேடி வெளியூர் போக முடிவு செய்திருந்த ஒரு வலைக்காரர் பாஸ்போர்ட் படத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஸ்டுடியோக் கதவு திறந்திருந்தது. ஸ்டுடியோக்காரர் பழக்கதோஷத்தில், "தோளைக் கொஞ்சம் இறக்குங்க" என்றார். ஏணியின் உச்சியில் இருந்த மனைவி, காலடியில் அலை ஒரு சாண் தாழ்ந்ததை உணர்ந்தாள். கம்பளியை அப்படியே போட்டுவிட்டுச் சரிந்து இறங்கி ஓடிவந்தாள். "என்னங்க, அது கேக்குது! நீங்க சொல்றதெல்லாம் அது கேக்குது!"

படத்துக்கு உட்கார்ந்த ஆளை விடுவிக்காமல் எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம் என்பது ஸ்டுடியோ வேலையின் பாலபாடம். அது அவருக்கு இத்தனை நாள் தோன்றாமல் போனதற்குக் காரணம் பயம்தான். முக்காலியை விட்டு எழுந்த வலைக்காரர் உட்பட ஊரே கரையில் கூடியது. ஸ்டுடியோக்காரர் காமிராவின் கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "இடது பக்கம் கொஞ்சம் திரும்புங்க" என்றார். கடல் திரும்பியது, எல்லா வாடிக்கையாளர்களையும் போலவே எதிர்ப்பக்கமாக. படகின் மூக்கு கற்களுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

குழந்தைகளைப் படம் எடுக்கும்போது இடது வலது சொல்லிப் பயனில்லை என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது. வலது கையை உயர்த்தினார். "என் கையைப் பாருங்க. கையை மட்டும் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே மணலில் பின்னோக்கி நடந்தார். கடல் பார்த்தது. கற்களைத் தாண்டி, படகுத்துறையைத் தாண்டி, மணல்மேடு வரைக்கும் அவர் நடக்க நடக்க அது முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தது. பிறகு தோளை இறக்கச் சொன்னார், தாடையை இறக்கச் சொன்னார். இன்னும், இன்னும் கொஞ்சம் என்று அவர் தொண்டை கட்டும்வரை சொல்ல, படகு மணலில் உரசி உட்கார்ந்தது.

அந்த நேரத்தில் வானம் எப்படி இருந்தது என்றால், அவர் ஆயுள் முழுக்கத் தேடிய மூட்டம் அது. ஈயப் பாத்திரத்தைக் கவிழ்த்த மாதிரி வெளிச்சம், மடிப்பு மடிப்பாகத் துல்லியமாய் நிற்கிற கடல். காமிராவும் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சங்கத் தலைவரே, "ஒண்ணு எடுத்துக்கோங்களேன்" என்றார். அவர் காமிராவைப் பார்த்தார், படகைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு "ஆச்சு" என்றார்.

கடல் இறங்கியதில் ஊர் முழுக்க இடுப்புவரை நனைந்தது. மச்சினன் இலையுதிர்காலத்தில் தொடங்கிய வாக்கியத்தை முடித்தான்: "...ழை வரப்போவுது மாமா, இந்த இருட்டுல என்ன படம் எடுக்கறீங்க!" அக்கா அவனை ஓங்கி ஒரு அறை அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். எதற்கு அறை, எதற்கு அழுகை, தோளில் யார் கம்பளி என்று ஒன்றும் அவனுக்கு விளங்கவில்லை. பசிக்கிறது என்றான்.

குளிர்காலம் முழுக்க நின்றுவிட்டுப் படம் கிடைக்காமல் போன வாடிக்கையாளர் சும்மா இருப்பாரா? அடுத்த மூட்டத்தில் கடல் தெருவேறி ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டது. இப்போதும் வருகிறது. இருண்ட நாட்களில் காத்திருக்கும் அறையில் கணுக்கால் அளவுக்கு வந்து தன் முறைக்காக நிற்கும், பெஞ்சில் இருப்பவர்கள் காலைத் தூக்கிக்கொள்வார்கள். அதன் முறை வந்ததும் ஸ்டுடியோக்காரர் மனைவியைக் கூப்பிடுவார். அவள் போய்த் தம்பியை எங்கிருந்தாலும் அழைத்துவந்து காமிராவுக்குப் பின்னால் நிறுத்தி, அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். அவனுக்கு மீசை நரைத்துவிட்டது, பேரன்கூட இருக்கிறான். "ஆச்சு" என்று சொல்லும்வரை அவன் கையை இழுத்துக்கொள்வதில்லை.