கோப்புகளை, கோப்புகளில்

1

காரைக்குடி செக்காலை ரோட்டில் என் பைக் பஞ்சராகி நின்றதுதான் இந்தக் கதையின் பிறப்பு. பக்கத்து வீட்டு சுஹானா ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டாள். வீடு வருவதற்குள் தன் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லி முடித்துவிட்டாள். கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்கண்ணே. ஆனா புரியிற மாதிரி எழுதுங்க. போன கதை எனக்கு வெளங்கவே இல்ல."

இப்படியொரு கொடூரமான நிபந்தனையை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் எனக்கு விதித்ததில்லை.

2

முதல் தொடக்கம்: "கொத்தமங்கலத்தின் மீது மஞ்சள் வெயில் ஒரு தீராத துக்கத்தைப் போல—" (அன்று மேகமூட்டமாம்.)

இரண்டாம் தொடக்கம்: "தேடுதல் என்பது, ஆழ்ந்து நோக்கினால்—" (இதை எழுதியதும் நானே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.)

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

3

சுஹானா வேலை பார்ப்பது வாஹித் என்பவர் நடத்தும் சின்ன மென்பொருள் கம்பெனியில். கொத்தமங்கலத்தில் நாச்சியம்மை ஆச்சியின் பெரிய வீடு ஹோட்டலாக மாறிக்கொண்டிருந்தது. அந்த வேலையின் வரைபடம், குறிப்பு, கூட்டப் பேச்சு எல்லாம் கணினியில் கோப்புகளாக இருந்தன. சைட்டில் நிற்பவர் போனில் கேள்வி கேட்டால், ஓர் ஏஐ ஏஜென்ட் அந்தக் கோப்புகளைத் துழாவிப் பதில் சொல்லும். துழாவ அதற்கு இரண்டு கருவிகள். எந்தக் கருவி எதற்கு என்று ஏஜென்டுக்குப் புரியும்படி விளக்கம் எழுதியவள் சுஹானா.

முதல் கருவிக்கு எழுதினாள்: "கோப்புகளைத் தேடும்." இரண்டாவதற்கு: "கோப்புகளில் தேடும்."

முதலாவது கோப்பின் பெயரை மட்டும் பார்க்கும். மற்றொன்று உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கும். இரண்டு சொல்லில் முடித்துவிட்டோமே என்று அவளுக்கு அன்று ஒரே பெருமை. (எனக்கும் அந்த வரிகள் பிடித்திருந்தன என்பதை எனக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம்.*)

* வேற்றுமை உருபை நம்பிக் காரியத்தில் இறங்குவதன் ஆபத்து பற்றி இங்கே இரண்டு பக்கம் இருந்தது. சுஹானா படித்தாள். இப்போது இல்லை.

ஒரு நாள் காலை சைட் மேஸ்திரி பெரியகருப்பன் போனில் கேட்டார்: "சாப்பாட்டு ஹால் நடுச்சுவர இடிக்கலாமா? இன்ஜினியரம்மா எதுவும் சொல்லியிருக்காகளா?"

ஏஜென்டுக்கு இரண்டு விளக்கமும் ஒன்றுபோலவே தெரிந்தன. முதல் கருவியை எடுத்தது. 'சுவர்' என்ற பெயரில் ஏதாவது கோப்பு உண்டா என்று பார்த்தது. இல்லை. "அப்படி எந்தக் குறிப்பும் இல்லை" என்று பணிவாகப் பதில் சொன்னது.

வந்த கேள்விகளையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த சுஹானாவுக்கு அந்த 'இல்லை' உறுத்தியது. இரண்டாம் கருவியைத் தானே இயக்கிப் பார்த்தாள். 'புதன் கூட்டம்' என்ற கோப்புக்குள் இன்ஜினியர் சண்முகப்ரியாவின் வரி கிடந்தது: "மாடி உத்திரம் இந்தச் சுவர் மேல்தான் நிற்கிறது. முட்டுக் கொடுக்காமல் இடிக்கக் கூடாது."

இங்கே அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக் கொத்தமங்கலத்துக்குப் பறக்கவிட்டேன். புழுதி, குறுக்கே ஓர் ஆட்டு மந்தை, எல்லாம் பிரமாதமாக—

"நான் எங்கண்ணே போனேன்? போன்தான் அடிச்சேன்."

அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அவசரத்தில் தப்பான எண்ணுக்குக்கூட ஒருமுறை போனது. கடைசியில் பெரியகருப்பன் எடுத்தார்.

"சுத்தியல் சத்தத்துல கேக்கலம்மா, என்ன?"

"அண்ணே, நிறுத்துங்க. எல்லாரையும் வெளிய கூப்புடுங்க. இப்பவே!"

அவர் காரணம் கேட்கவில்லை. அவள் குரலே போதுமாக இருந்தது. கொத்தனார் பெத்தன் கடைசியாக வெளியே வந்தார். அவர் வாசலைத் தாண்டியதும் உத்திரத்தின் ஒரு முனை இறங்கி, அவர் நின்றிருந்த சாரத்தின் மேல் உட்கார்ந்தது.

(முதல் வடிவத்தில் பெத்தனைக் கொன்றிருந்தேன். "அவரு நல்லாத்தான இருக்காரு?" என்றாள் சுஹானா. கதை கனமாக வேண்டாமா என்றேன். "உங்க கதை கனமாகுறதுக்கு அவரு சாகணுமா?" என்றாள். உயிர்ப்பித்துவிட்டேன்.)

4

மறுநாள் கொத்தமங்கலத்தில் கூட்டம். போகிற வழியில் காரில் வாஹித் சுஹானாவிடம் சொன்னார்: "ஏஐன்னா சில நேரம் தப்பாச் சொல்லும்னு நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

நாச்சியம்மை ஆச்சி பெரியகருப்பனைத்தான் முதலில் பிடித்தார். "கேக்காம இடிக்கிற ஆளு எனக்கு வேணாம். இன்னையோட நின்னுக்கிருங்க."

"கேட்டேன் ஆச்சி. இல்லைன்னு சொல்லுச்சு."

"கேக்குற விதமாக் கேட்டிருக்க மாட்டீக."

பெரியகருப்பன் தலை குனிந்தார். வாஹித் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று சுஹானாவுக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தலை குனிந்திருப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவுக சரியாத்தான் கேட்டாக ஆச்சி. ஏஜென்டும் நான் எழுதுனபடிதான் செஞ்சுச்சு. நான் எழுதுனதுதான் சரியில்ல."

ஆச்சி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெரியகருப்பனிடம், "போயி முட்டுக் குடுக்குற வேலையப் பாருங்க" என்றார். திரும்பும்போது வாஹித் சுஹானாவிடம், "திங்கக்கெழம பேசலாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றே அவள் முதல் கருவியின் விளக்கத்தை மாற்றினாள்:

"கோப்பின் பெயரை மட்டும் பார்க்கும். உள்ளே இருப்பதைப் படிக்காது. பெயர் தெரிந்தால் மட்டும் பயன்படுத்து. இதில் கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று சொல்லாதே. இரண்டாவது கருவியால் உள்ளே தேடு. அங்கேயும் கிடைக்காவிட்டால், 'கோப்புகளில் கிடைக்கவில்லை, இன்ஜினியரிடம் கேளுங்கள்' என்று சொல்."

இந்தக் கதையிலேயே தெளிவான பத்தி இதுதான். நான் எழுதியதல்ல.

5

வாஹித் சொன்ன திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. இன்று சனிக்கிழமை. நான் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவளுக்குச் சம்பளம் கூடுகிறது. மற்றதில் வேலை போகிறது. இரண்டையும் அவளிடம் காட்டினேன்.

"ரெண்டுலயும் நான் அழுகுறேன். ஏண்ணே?"

இரண்டையும் அடித்துவிட்டேன்.

ஆகவே திங்கட்கிழமையை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வாஹித்தின் அறைக்குள் அவள் போகிறாள், உட்காரச் சொல்கிறார். அதற்கு மேல் உங்கள் பாடு. அவளை அழ மட்டும் வைக்காதீர்கள். இரண்டு தடவை நான் செய்து பார்த்துவிட்டேன். அவள் அழமாட்டேன் என்கிறாள்.