பாலாடையின் முதுகு

மழித்த இடத்தில் முடி திரும்பி வந்துவிட்டது என்று ஜாய் சந்தோஷப்பட்டது ஒரே ஒரு காலைப்பொழுதுதான். பூனையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முளைத்திருந்தது வெள்ளை முடி இல்லை. கழுத்திலிருந்து வால் வரை, தீய்ந்த பால்சட்டியின் அடியைப் போல, பழுப்பும் கருப்புமாக ஏதோ படர்ந்திருந்தது.

அழுக்காக இருக்கும் என்று ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. ஷாம்பூ போட்டுக் கழுவினாள். கழுவக் கழுவக் கருப்பு பளபளத்தது. பூனை அவளைக் கீறிவிட்டுத் தையல் மிஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, நீலக் கண்ணால் முறைத்தது.

அதன் பெயர் பாலாடை. நிறத்தைப் பார்த்துத்தான் உமா மகேஸ்வரி அந்தப் பெயரை வைத்தாள். ஹிமாலயன் என்று சொல்லி விற்கிற நீளமுடிப் பூனை இனம் அது. உடம்பெல்லாம் ஆடை படிந்த பாலின் நிறம். முகம், காது, பாதம், வால் மட்டும் கரும்பழுப்பு. அந்த இரண்டு நிறமும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்பதில்தான் அந்த இனத்தின் மதிப்பே இருக்கிறது என்று உமா அடிக்கடி சொல்வாள். தென்காசியில் அவள் வீட்டு மாடியில்தான் ஜாயும் பென்னியும் கல்யாணமான புதிதில் குடியிருந்தார்கள். பென்னிக்கு அருவிகளைச் சுற்றி ஆட்டோ ஓட்டுவது தோதாக இருந்ததால் குற்றாலத்துக்கு மாறினார்கள். உமாவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. பாலாடை மட்டும்தான்.

உமாவின் வயிற்றில் இருந்தது புற்றுநோய். சாதாரணக் கட்டிதான் என்று சொல்லியே அண்ணனும் அண்ணியும் பல வாரம் ஓட்டிவிட்டார்கள். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்த கடைக்காரரின் முகம் மாறியதை வைத்துத்தான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. தை மாதம் திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குப் புறப்பட்ட அன்று, பூனைக்கூடையை ஜாயின் கையில் கொடுத்துவிட்டு, கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் என் நல்லதுக்குன்னு சொல்லி எங்கிட்டப் பொய் சொல்லுதாவ, ஜாய். நீயும் சொல்லிராத. இதுக்கு என்ன ஆனாலும் ஆனதை ஆனபடி சொல்லு. செத்தாலும் செத்துப் போச்சுன்னு சொல்லு. மறைச்சு வச்சு, இதே மாதிரி வேற ஒண்ண வாங்கி எங்கிட்ட நீட்டிராத. அதை மட்டும் என்னால தாங்க முடியாது, பிள்ள."

"சத்தியமாப் பொய் சொல்ல மாட்டேன்க்கா," என்றாள் ஜாய்.

அந்தச் சத்தியத்தை ஆனி மாதத்துச் சாரல் தின்றது. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் துணி காயாது, உப்பு கசியும், சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். பாலாடையின் முடியும் ஈரத்தில் சிக்குப் பிடித்து, கம்பளிபோல் இறுகித் தோலை இழுத்தது. தொட்டாலே கத்தியது. சீப்பு இறங்கவில்லை. ஜாய் பென்னியின் ட்ரிம்மரை எடுத்து முதுகு முழுக்க மழித்துவிட்டாள். தையற்காரி, கை பிசகாது. பூனைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்று உமா வீடியோவில் அழைத்தபோது பாலாடையின் முகத்தை மட்டும் காட்டினாள். அக்கா திரும்புவதற்குள் முடி வளர்ந்துவிடும், இதைப் போய் மருந்து ஏறிக்கொண்டிருக்கிற ஆளிடம் சொல்வானேன் என்று நினைத்தாள். அக்காவின் நல்லதுக்காகத்தான்.

இப்போது முடி வளர்ந்துவிட்டது. கருப்பாக.

தென்காசியில் கால்நடை மருத்துவர் முகம்மது சலீம் பூனையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நோய் ஒண்ணும் இல்லம்மா. இந்த இனத்துக்கு நிறமே சூட்டைப் பொறுத்துத்தான். உடம்பு சூடா இருக்கிற இடத்தில முடி வெளுப்பா வரும், குளிர்ற இடத்தில கருப்பா வரும். காதும் வாலும் ஏன் கருப்பு? அங்கதான் குளிர்ச்சி. நீங்க சட்டையைக் கழட்டிட்டு, குத்தாலக் காத்துல நிப்பாட்டிட்டீங்க."

"மறுபடி வெளுக்குமா டாக்டர்?"

"வந்த முடி மாறாது. அது உதிர்ந்து புதுசு வரணும். வர்றப்ப உடம்பு சூடா இருக்கணும். மாசக்கணக்குல ஆகும்."

"இது அதே பூனைதான்னு ஒரு பேப்பர்ல எழுதித் தருவீங்களா?"

"நிறம் மாறும்னு எழுதித் தரேன். அதே பூனைதான்னு எப்படிம்மா எழுத? மாறுறதுக்கு முன்னாடி நான் இதைப் பாத்ததே இல்லையே."

திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தை அவளை அரித்தது. தன்னையும் பென்னியையும் விட்டால், முன்பு பார்த்தவள் உமா ஒருத்திதான். அவள்தான் நம்பவும் மாட்டாள். முகத்தின் கருப்பும் இந்தக் குளிரில் கன்னம் தாண்டிப் பரவியிருந்தது. சில நேரம் ஜாய்க்கே சந்தேகம் வந்தது: இது பாலாடைதானா? மழித்த அன்று கதவு திறந்து கிடந்ததே, அது வெளியே போய் வேறொன்று உள்ளே வந்திருந்தால்? பைத்தியக்கார யோசனை என்று தெரிந்தும் பூனையைப் பிடித்துக் காதை முகர்ந்து பார்த்தாள்.

பென்னிக்கு எல்லாமே கேலி. "ஏட்டி, தலைக்கு டை அடிச்சா நரைச்சது கருப்பாகுது. கருத்ததை வெள்ளையாக்க உங்க பொம்பளை உலகத்துல ஒண்ணும் இல்லையா? மூஞ்சிக்கு என்னமோ பூசுவியே, ப்ளீச்சு!"

அவன் சிரித்துவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனான். ஜாய் கடைக்குப் போய் அதையே வாங்கி வந்தாள். கிண்ணத்தில் குழைத்தாள். காரமான நெடி கண்ணைக் கரித்தது. ஒரு கையால் பூனையை அமுக்கிப் பிடித்து, மறு கையால் தோள்பட்டை அருகே ஒரு தீற்று தீற்றினாள். பாலாடை தும்மியது, பிறகு தலையைத் திருப்பி அந்த இடத்தை நக்கப் போனது. ஜாய் அலறியபடி அதைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கழுவினாள். நாக்கில் பட்டிருக்குமோ என்று வாயைத் திறந்து திறந்து பார்த்தாள். கிண்ணத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, நனைந்த பூனையை மடியில் வைத்துக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பென்னி வந்து பார்த்துவிட்டுக் கேலியை நிறுத்தினான். "அக்காவுக்குப் போனைப் போட்டு உள்ளதைச் சொல்லிரு ஜாய்."

"இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேட்டா?"

பென்னி துண்டை எடுத்துப் பூனையின் ஈரத்தைத் துவட்டினான்.

ஒன்று செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கருப்பு வளர்ந்த முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு மறுபடி மழித்து, அந்த இடத்தைக் கம்பளியால் மூடிச் சூடாக வைத்தால், அங்கே மட்டும் வெளுத்த முடி வரவேண்டும். கருப்புக்கு நடுவே ஒரு வெள்ளைத் துண்டு. குளிரில்தான் கருத்தது என்பதற்கு அக்காவிடம் காட்ட ஒரு சாட்சி. டாக்டரிடம் போனில் கேட்டாள். "வரலாம். பொறுமையா விடணும்," என்றார்.

பென்னியின் குரங்குக் குல்லாயை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, வயிற்றோடு கட்டுகிற மாதிரி ஒரு சட்டை தைத்தாள். பாலாடை முதல் சட்டையைக் கிழித்தது. இரண்டாவதை எப்படியோ கழற்றிக் கொடியில் தொங்கவிட்டது. மூன்றாவதில் சரணடைந்து, சோறு வேண்டாம் என்று மூலையில் படுத்தது. மழித்ததும் நான், பூசியதும் நான், கட்டிப் போட்டதும் நான் என்று ஜாய் தனக்குள் குமைந்தாள்.

பொறுமைதான் அவளிடம் இல்லாத பொருள். காலையில் முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் மறுபடி அவிழ்ப்பாள். ஒவ்வொரு முறையும் சாரல் காற்று உள்ளே போகும்.

"முட்டையை உடைச்சு உடைச்சுப் பாத்தா எப்பம்ட்டி குஞ்சு பொரிக்கும்?" என்றான் பென்னி.

உமாவின் அழைப்புகள் வேறு கழுத்தை நெரித்தன. மருந்து முடிந்துவிட்டது, அண்ணன் வீட்டில் தேறிக்கொண்டிருக்கிறேன் என்றாள். மருந்து ஏறத் தொடங்கியதிலிருந்து தன் முகத்தைக் காட்டுவதே இல்லை. கேமராவை மூடிக்கொண்டு பேசுவாள். "முதுகைக் காட்டேன் ஜாய். அந்த வெளுப்பைப் பாத்தா எனக்குத் தூக்கம் வரும்."

"அது போர்வைக்குள்ள தூங்குதுக்கா."

"எப்பக் கேட்டாலும் தூங்குதே," என்றாள் உமா. குரல் இறங்கியிருந்தது. அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை.

ஆவணி கடைசியில் ஒரு மத்தியானம், தூறலில், வாசலில் கார் ஒன்று நின்றது. ஒல்லியான ஒரு பெண் இறங்கினாள். வாயில் முகக்கவசம், தலையில் ஒட்ட வெட்டியதுபோல் சாம்பல் நிறச் சுருட்டை முடி. சீசனில் அறை கேட்டு வருகிறவர்கள் தெருவில் எந்தக் கதவையும் தட்டுவார்கள். ஜாய் ஊசியைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"ரூமுங்களா? லாட்ஜு அங்கன, முக்குல இருக்கு."

அந்தப் பெண் நகரவில்லை. முகக்கவசத்தைக் கீழே இழுத்தாள். "ஏட்டி, நாந்தான்."

தை மாதம் இடுப்பு வரை கம்பியாகத் தொங்கிய கருங்கூந்தலோடு போன உமாக்கா. ஜாய் படியிறங்குவதற்குள் சத்தம் கேட்டுப் பாலாடை கதவருகே வந்து நின்றது, குல்லாய்ச் சட்டையோடு. உமா அதைப் பார்த்தாள். பூனையும் அவளைப் பார்த்துவிட்டு, அறியாத ஆளைக் கண்டதுபோல் பின்வாங்கியது.

"இது எது?"

"பாலாடைதான்க்கா."

உமா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தணிந்த குரலில் கேட்டாள்: "அது எப்பச் செத்துச்சு?"

"சாகலக்கா! இதுதான்! நான்தான் சிரைச்சேன், சிக்குப் பிடிச்சிட்டு, குளிர்ல கருப்பா வந்திட்டு, டாக்டர் சொன்னாரு, வேணும்னா அவருகிட்டக் கேளுங்க..." ஜாய் பின்னாலிருந்து முன்னாகவும், நடுவிலிருந்து பின்னாகவும் எல்லாவற்றையும் கொட்டினாள். ப்ளீச்சையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது தனக்கே பொய்போல் கேட்டது.

"குளிர்ல பூனை கருக்குமாக்கும்," என்றாள் உமா. "நல்லாத்தான் யோசிச்சிருக்க. எங்க அண்ணன்கூட இவ்வளவு யோசிச்சதில்ல. நீயும் அந்தக் கூட்டத்துல சேந்துட்டியே, பிள்ள."

ஜாய் பூனையைப் பிடித்து இழுத்து, முடிச்சுகளை அவிழ்த்தாள். சட்டை விழுந்தது. கருத்த முதுகின் நடுவே குட்டை முடி முளைத்த ஒரு துண்டு இடம். வெள்ளை என்று சொல்ல முடியாது. பால் குறைந்த டீயின் நிறம். திறந்து திறந்து பார்த்த பாவம் அதில் அப்படியே இருந்தது. அவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"இவ்வளவுதான் வந்திருக்குக்கா. வெள்ளையா வரும்னு நெனச்சேன்."

உமா வெகுநேரம் அந்த இடத்தைப் பார்த்தாள். கையை நீட்டினாள், தொடவில்லை. நீட்டிய கை தன் தலைக்குப் போய், புதிதாக வந்த சுருட்டை ஒன்றை இழுத்துப் பார்த்தது.

"என்னைய உனக்கு ஆள் தெரியலையில்லா?"

பொய் சொல்ல வாய் தானாக எழும்பியது. ஜாய் அதை விழுங்கினாள். "தெரியலக்கா."

"ம்." உமா குல்லாய்ச் சட்டையை எடுத்துப் பூனையின் மேல் போர்த்தினாள். "மூடு. தூறலடிக்கு." கொஞ்சம் கழித்து, "கூடையைக் கொண்டா," என்றாள்.

கார் தென்காசிப் பக்கம் திரும்பியது. அவள் நம்பினாளா என்பது ஜாய்க்குத் தெரியவில்லை. பின்சீட்டில் ஒரு முகமும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஜெபத்துக்குப் போய்விட்டு வந்து சோறு வைக்கும்போது போன் அடித்தது. வீடியோ. திரை முழுக்கக் கருத்த முடி. ஒரு விரல் அதை வகிர்ந்துகொண்டிருந்தது.

"இங்கன வெயில் இருக்கு. பகல்ல இதுக்குச் சட்டை போடுறதில்ல," என்றது உமாவின் குரல். "அடியில வெளுப்பு தட்டுதா பாரு. எனக்குக் கண்ணு சரியில்ல."

ஜாய் போனை முகத்தருகே கொண்டுபோனாள். இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு ஆசை அவளுக்கு. மறுபடி பார்த்தாள்.

"தெரியலக்கா. கருப்பாத்தான் இருக்கு."

திரை ஆடியது.

"ஏ பாலாடை, ஆடாம இரு," என்றாள் உமா. விரல் வேறொரு இடத்தில் முடியை வகிர்ந்தது. "இங்கன?"